ஸ்டெல்லா டீச்சரின் மேற்குச் சுவர்

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், கையசைத்துக் கூப்பிட்டார். வழக்கமாக ஆள் அனுப்புகிறவர் அவர். வெளியே போனதும், "ஸ்டெல்லா டீச்சர் தவறிட்டாங்களாமுங்க. கோயமுத்தூர்ல பஸ் ஸ்டாண்டுல மயங்கி உழுந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சாம்" என்றார். நான் "சரீங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போய், கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். பிள்ளைகள் விடையை எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தேன். அதன் பிறகுதான் கைப்பையை எடுத்தேன். அன்று நான் அழவில்லை என்பதைப் பலரும் கவனித்தீர்கள். ஒன்றிரண்டு பேர் நேரிலேயே கேட்டீர்கள்.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறிவியல் டீச்சர். நெடுநெடுவென்று உயரம். மேகம் இருக்கிறதோ இல்லையோ, கையில் குடை இருக்கும். கருமத்தம்பட்டிக்கு வெளியே விசைத்தறிக் கூடங்களுக்குப் பின்னால் மனை பிரித்தபோது, அவரும் நானும் அடுத்தடுத்த மனைகளை வாங்கி வீடு கட்டினோம். நடுவில் ஒரு கம்பி வேலி. கறிவேப்பிலை, பேச்சு, சண்டை எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். அவருடைய கணவர் அந்தோணி சார் கோவையில் ஒரு மோட்டார் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாத மனிதர். அந்த வீட்டில் இருவருக்கும் சேர்த்து டீச்சரே பேசிவிடுவார்.

அவர் பேச்சில் பாதி சுவரைப் பற்றித்தான். வீடு கட்டிய காலத்தில், வெளிச்சுவரை வழவழப்பாகப் பூசாமல் சிமெண்டை வாரித் தெளித்துச் சொரசொரப்பாக விடுவதுதான் நாகரிகம் என்று கொத்தனார் சொன்னார். நாங்கள் இருவருமே தலையாட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவிநாசி ரோட்டுப் புழுதியும் தறிக்கூடத்துப் பஞ்சும் அந்தச் சொரசொரப்பில் வந்து ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. நான் ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் சுவரைத் தேய்ப்பார். கூடவே, விரிசல் எங்கே விட்டிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். "ஏனுங் டீச்சர், உங்க ஊட்டப் பாத்தா எழவு ஊடு மாதிரி இருக்குதுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். "பொங்கலுக்கு வெள்ளையடிச்சுக்கலாமுங்க" என்பேன். "வெள்ளையடிக்கறது பொங்கலுக்குங்க. நான் பண்றது மழைக்கு" என்பார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மூலைக்குப் போயிருப்பார்.

சிமெண்ட் பெயிண்ட் அடித்தவர்களுக்குத் தெரியும், அதை அடித்து முடித்ததும் வேலை முடிந்துவிடாது. அடிப்பதற்கு முன்னும் சுவரை நனைக்க வேண்டும், அடித்த பிறகும் சில நாட்கள் நனைக்க வேண்டும். காயவிட்டால் மாவாக உதிரும், தொட்டால் கையெல்லாம் நிறமாகும். இதற்கு டீச்சர் வைத்த பெயர் தண்ணி காட்டறது. மாட்டுக்குத் தண்ணி காட்டறது என்று நாம் சொல்வோமே, அந்த வார்த்தைதான். சாயங்காலம் பள்ளிவிட்டு பஸ்ஸில் வரும்போது, "செவுத்துக்குத் தண்ணி காட்டோணுமுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இறங்கி ஓடுவார். பக்கத்து சீட்டில் இருந்த கண்டக்டர் ஒருநாள், "டீச்சரு எத்தன மாடு வெச்சிருக்காங்க?" என்று என்னிடம் கேட்டார். நாலு என்று சொல்லிவைத்தேன். கணக்கு சரிதான், சுவர் நாலு.

குழாயில் தண்ணீர் வராத கோடைகளில் அவர் பெயிண்ட் அடிக்க மாட்டார். ஆட்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது சுவருக்கு ஊற்றுவது பாவம் என்பார். இந்த வருஷம் அதனால்தான் வேலை ஆனி மாதம்வரை தள்ளிப்போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டது. சாரல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர் நிலைகொள்ளாமல் இருந்தார்.

ஏன் இப்படிப் பதறுகிறார் என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். சொம்பால் சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அப்பா அம்மா பண்ணையத்துக்கு இருந்து தோட்ட வேலை பார்த்தார்கள். தோட்டத்து ஓரமாக மண்சுவர் வைத்த குடிசை. ஒரு ஐப்பசி மழையில் சுவர் ஊறி, விடியற்காலையில் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "தம்பி அந்தப் பக்கமாப் படுத்திருந்தானுங்க. அன்னைக்கு நான் இந்தப் பக்கம் படுத்திருந்தனுங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு, "சிமெண்ட் செவுரு உழுகாதுன்னு எனக்கும் தெரியுமுங்க டீச்சர். அறிவியல் நடத்தறவளுக்கு அது கூடவா தெரியாது? ஆனா செவுரு நனைஞ்சா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றார். அதற்கப்புறம் நான் அவருடைய சுவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன். அவர் என் சுவரைக் கேலி செய்வதை விடவில்லை.

இறந்த அன்று அவர் விடுப்பு எடுத்திருந்தார். மேற்குச் சுவருக்கு இரண்டாவது பூச்சு நடந்துகொண்டிருந்தது. தெற்குச் சுவரில் பழைய பெயிண்டைச் சுரண்டி, விரிசல்களை உளியால் கீறி அகலப்படுத்தி வைத்திருந்தார்கள். அதற்குச் சந்தன நிற பெயிண்ட் ஒரு டப்பா குறைந்தது. வாங்கி வரத்தான் கோவைக்குப் போனார். டப்பாவோடு திரும்பி வரும்போதுதான் பஸ் ஸ்டாண்டில் விழுந்திருக்கிறார்.

நான் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தபோது பெயிண்டர் காதர் பாய் சாரத்தின் மேல் நின்று அடித்துக்கொண்டிருந்தார். டவுன்காரர். டீச்சரோடு ஆண்டுக்கணக்கில் வாதாடிப் பழகியவர். அவருக்கு யாரும் சொல்லவில்லை. "டீச்சரம்மா இன்னும் வரலீங்களே" என்று மேலிருந்தே கேட்டார். நான் கீழே நின்று விஷயத்தைச் சொன்னேன். பஸ் தாமதம் என்று சொல்வது போல என் குரல் இருந்தது. அவர் இறங்கிவந்து வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சுவரை நிமிர்ந்து பார்த்து, "பாதிச் செவுத்துல நிக்குதுங்க டீச்சர். இப்ப நிறுத்துனா நடுவுல கோடு உழுந்துரும். அப்புறம் என்ன அடிச்சாலும் மறையாது. என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார். அந்தோணி சார் ஆஸ்பத்திரியில் இருந்தார். கேட்பதற்கு வேறு ஆளில்லை. "மூலை வரைக்கும் முடிச்சிருங்க பாய்" என்றேன். அது சரியா தப்பா என்று நான் யோசிக்கவேயில்லை. அவர் மறுபடி ஏறினார். அந்தச் சொரசொரப்பில் பெயிண்டில் தோய்த்த மட்டையைக் குத்திக் குத்தித்தான் அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன் பலன் உடனே தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சரைக் கொண்டுவருவதற்கு முன்பே, ஈரோட்டிலிருந்து அந்தோணி சாரின் அக்கா ஊர்க்காரர்கள் ஒரு வேனில் மாலையோடு வந்து இறங்கினார்கள். வீடு தெரியாதவர்கள். ஒரு வீட்டில் சாரம் கட்டி ஆள் பெயிண்ட் அடிக்கிறார், சுவர் புதுசாக மின்னுகிறது. பக்கத்து வீடு பஞ்சும் புழுதியும் படிந்து கறுத்துக் கிடக்கிறது. அவர்கள் யோசிக்கவே இல்லை. பெண்கள் தலைவிரிகோலமாக என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதறி எழுந்து, "நான் இல்லீங்க, நான் நல்லாத்தான் இருக்கறனுங்க" என்றார். நான் போய் வழிகாட்டினேன். ஸ்டெல்லா டீச்சர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் நான் சொம்பை எடுத்துக்கொண்டு போய் மேற்குச் சுவருக்குத் தண்ணி காட்டினேன். மறுநாளும் போனேன். முற்றத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒறம்பரைகள், துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் டீச்சரைப் பற்றி நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், தொட்டித் தண்ணீர் மேல்வரைக்கும் போதுமா என்றுதான் நினைத்தேன்.

சில நாளில் காதர் பாய் திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். மேற்கே வானம் மூடியிருந்தது. தெற்குச் சுவர் சுரண்டியபடியே, கீறிய விரிசல்களோடு திறந்து கிடந்தது. அந்தோணி சாரின் அக்கா திட்டமாகச் சொல்லிவிட்டார்: "எழவு உழுந்த ஊட்டுக்கு வருசம் திரும்பாம சாயம் பூசற பழக்கம் நம்மள்ல கெடையாது. அன்னைக்கு ஒருத்தரு பூசுனதுக்கே ஊரு சிரிச்சுது." அந்த ஒருத்தருக்கு உத்தரவு கொடுத்தவள் நான்தான் என்பதால் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

அந்தோணி சார் உள்ளே போய் அந்தப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் டீச்சரின் குடையோடும் கைப்பையோடும் சேர்த்து அதையும் கொடுத்திருக்கிறார்கள். அதை அக்காவின் முன்னால் வைத்தார்.

"இது அழகுக்கு இல்லீங்க்கா. மழைக்கு" என்றார்.

"மழை எல்லார் ஊட்டுலயுந்தான் பேயுது."

"எல்லார் ஊட்டுலயும் தம்பி சாகலீங்க்கா."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு டீச்சரின் தம்பி கதை தெரிந்திருக்க வேண்டும். வெகுநேரம் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காதர் பாயிடம், "பூச்சு வேலை பாத்துக்கங்க. வெடிப்ப அடைச்சுப்போட்டு, மேல வெறும் சிமெண்டக் கரைச்சு அடிச்சுருங்க. சாயம் மட்டும் வேண்டாம். அது வருசத்துக்கு அப்புறம்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் அந்தோணி சாரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அன்று மாலைக்குள் விரிசல்களை அடைத்து, மறுநாள் சிமெண்டுப் பால் அடித்துச் சுவரை மூடிவிட்டார்கள். நீங்கள் யாராவது அந்த வழியாகப் போனால் பார்க்கலாம். மேற்கே சந்தன நிறம், தெற்கே சாம்பல் நிறம். இப்படி ஒரு வீட்டை ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள்கூடப் பொறுத்திருக்க மாட்டார்.

வேலை முடிந்து ஒரு வாரம் இருக்கும், சாரல் பிடித்தது. காற்றோடு சாய்வாக அடித்து மத்தியானம்வரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை. நான் சமையல்கட்டில் இருந்தேன். வேலிப்பக்கம் யாரோ நிற்பது தெரிந்து எட்டிப் பார்த்தேன். அந்தோணி சார் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றார். என்னமோ ஏதோ என்று ஓடினேன்.

"உள்ள செவுரு பூராவும் கை வெச்சுப் பாத்தனுங்க டீச்சர். எங்கியும் நனையலீங்க" என்றார்.

"சரீங்க" என்றேன்.

அவர் போகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்டச் சொல்லோணும்னு வெளிய வந்துட்டனுங்க. வந்ததுக்கப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. அப்புறம் யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார்.

ஐப்பசி மழையும் வந்து போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் அவர் வேலியருகே வருகிறார். "நனையலீங்க டீச்சர்" என்கிறார். எனக்கு ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து மிஞ்சியது அதுதான், அவருக்குப் போய்ச் சேர வேண்டிய அந்த ஒரு செய்தி. அவருக்குப் பதிலாக நான் வாங்கிக்கொள்கிறேன். வானம் மூடினால், என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, அந்தோணி சார் வரும்வரை வேலிப்பக்கம் போய் நிற்கிறேன்.