கஞ்சி எடுத்தாச்சு

அந்த வருஷம் தீபாவளி போனஸில் சித்தி இரண்டு பருத்திச் சேலைகள் வாங்கிவந்தாள். சிவப்பு அவளுக்கு, மஞ்சள் அம்மாவுக்கு. சித்தி வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனிக்குப் பருத்திதான் உடுத்திப் போகவேண்டும். ஆனால் இன்னும் தண்ணீரில் நனைக்காத கோடித் துணி தகரம்போல விறைத்து நிற்கும். ஊறவைத்து மிதித்துக் கஞ்சி எடுத்தால்தான் உடம்போடு படியும். கோடி என்றால் கணக்கில் வரும் கோடி என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு கோடி இருக்கிறது என்று பள்ளியில் சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை, சித்தி வேலைக்குப் போனபின் அம்மா சிவப்புச் சேலையைச் சிமெண்ட் தொட்டியில் ஊறப்போட்டு என்னை மிதிக்கச் சொன்னாள். தண்ணீர் கொழகொழத்தது. சேலைக்குள் காற்று புகுந்து, யாரோ முதுகைக் காட்டிப் படுத்திருப்பதுபோல் மேலே எழும்பியது. மிதித்து அமுக்கினேன். திடீரென்று தண்ணீர் தானாக நடுங்கியது. அதற்குப் பிறகுதான் சித்தி கம்பெனி இருக்கும் தாயில்பட்டிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்தது.

தெருவில் யாரும் கத்தவில்லை. புகை எந்தக் கம்பெனிக்கு மேல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா சித்தியைத் தேடிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள். அவளுடைய மருமகளும் சித்தியோடு அதே கம்பெனிக்குத்தான் போவாள். மருமகளின் உடலை ஆஸ்பத்திரியில் அடையாளம் பார்த்துவிட்டதாகவும், கடைகள் அடைத்துக் கிடப்பதாகவும் சொன்னாள். உப்பு இரவல் கேட்கும் குரல்.

"ஒன்கிட்ட கோடிச் சேலை ஏதும் கெடக்கா? அவளுக்குப் போத்தணும்."

"இல்லக்கா. எல்லாத்துக்கும் கஞ்சி எடுத்தாச்சு."

அலமாரியில் மடிப்புக் கலையாமல் மஞ்சள் சேலை இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் தெருவைத் தாண்டுவதற்குள் அம்மா மஞ்சளையும் உருவி அதே தொட்டிக்குள் அமுக்கினாள். நன்றாக மிதிக்கச் சொல்லி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிவப்புச் சாயம் மஞ்சளில் ஏறுவதைப் பார்த்து நான் அழுதேன்.

பொழுது சாயும்போது சித்தி வந்தாள். காலில் செருப்பில்லை. தலையெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. காது அடைத்திருந்ததால் உரக்கக் கேட்டாள்.

"எதுக்குக்கா ரெண்டையும் ஒண்ணா நனைச்ச? சாயம் ஒட்டிருச்சே."

அம்மா ஈரச் சேலையை எடுத்து அவள்மேல் சுற்றினாள்.

கஞ்சத்தனத்தால் அம்மா பொய் சொன்னாள் என்றுதான் அன்று நினைத்தேன். தங்கை திரும்பாத அந்த நேரத்தில், அந்தச் சேலையைப் பிணத்துக்குக் கொடுத்தாலும் கோடியாகவே வைத்திருந்தாலும் அது இன்னொரு சாவைத் தேடும் என்று அவள் பயந்தது எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா அதன்பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனாள். மருமகளுக்குக் கடைசியில் எதைப் போர்த்தினார்கள் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.