பிரசவ ஆஸ்பத்திரியில் கிடைத்த அக்கா

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடங்கள் இருக்கும். திருவொற்றியூரில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாதவிலக்கு வந்தால் நிற்காது. வாரக்கணக்கில் போகும், கொஞ்சம் ஓயும், மறுபடி ஆரம்பிக்கும். படி ஏறினால் கண் இருட்டும். எல்லோருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டுமா என்றுகூடத் தெரியவில்லை.

அம்மா இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். சொன்னதும் பதறத்தான் செய்தார். ஆனால், "வயசுப் பொண்ண பிரசவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா தெருவுல இன்னா பேசுவாங்கோ? சூட்டு ஒடம்பு. வெந்தயம் துன்னு, சரியாப் பூடும்" என்றார். விழுங்கிக்கொண்டே இருந்தேன். சரியாகவில்லை.

ஒருநாள் பள்ளியில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தேன். டீச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னார். என்ன தைரியமோ, யூனிஃபார்மோடு பஸ் ஏறி, ராயபுரம் பக்கம் இருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

சீட்டு கொடுக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆயிட்ச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன இங்க இன்னா வேலை? பெரியவங்க யாரையாச்சும் இட்டுனு வா."

விஷயத்தைச் சொல்லலாமென்றால் பின்னால் வரிசை முழுக்கக் காது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பார்த்தார்கள். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் எனக்கே தெரியாமல் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்கு விவரம்.

திரும்பி நடந்தபோது, வரிசையில் நிறைமாதமாக நின்ற பர்தா போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "என் தங்கச்சிதாம்மா. என்கூடதான் வந்துகீது. சீட்டு போடு" என்றார். சீட்டு கிடைத்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் காதோடு கேட்டார். "புள்ள கிள்ள உண்டாயிருக்கியா?"

"தெரியலக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழாத. இன்னாவா இருந்தாலும் உள்ள வா. டாக்டரு அதுக்குத்தானே கீறாங்க."

டாக்டரம்மா அவருடைய பர்தாவைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "அக்கா தங்கச்சியா?" என்றார். "ஆமா" என்றார் அந்த அக்கா, கொஞ்சமும் தயங்காமல். டாக்டர் நம்பினாரா, நம்பியதுபோல இருந்தாரா, தெரியாது. திரையை இழுத்துவிட்டு, என்னிடமே நிதானமாகக் கேட்டார். கர்ப்பமெல்லாம் இல்லை, உன் வயதில் சிலருக்கு இப்படி ஆகும், மருந்து இருக்கிறது என்றார். உடம்பில் ரத்தமே இல்லை, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்து என்று அன்றே படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள்.

கம்பெனிக்கு போன் போட்டதில், அம்மா வேலைச் சேலையோடு ஓடிவந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "வெந்தயத்தையே குட்த்துகினு இருந்தேனே" என்று அழுதார். அடுத்த நிமிடமே, "யாராச்சும் பாத்தாங்களாடி?" என்றும் கேட்டார்.

அதற்குள் அந்த அக்கா போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. என்ன குழந்தை பிறந்ததோ!

மாத்திரையில் சில மாதங்களில் எனக்குக் குணமாகிவிட்டது. ஆனால் என் உடம்புக்கு என்னவென்று கேட்க, முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் ஏன் தங்கச்சியாக வேண்டியிருந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.