மாமி வீட்டில் ஒரு சீனக் கிட்டார்

எங்கள் கரையோரத்தில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுகிறவன் ஆண்தான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் உடுப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய், எந்தக் கதிரையில் உட்காருவது, எந்த ஆணியில் சட்டையைக் கொழுவுவது என்று தெரியாமல் சில மாதங்கள் முழித்துக்கொண்டு திரிவான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நானும் கல்முனையிலிருந்து மருதமுனைக்கு அப்படித்தான் போனேன். பாண்டிருப்பைத் தாண்டினால் வந்துவிடும் ஊர், ஆனாலும் புது மாப்பிள்ளைக்கு அது வேறு நாடு. என்னிடம் இரண்டு பெட்டியும் ஒரு கிட்டாரும் இருந்தன. பெட்டிகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கிட்டார் சீனாவில் செய்தது. ஆசிரியர் பயிற்சிக்காகக் கொழும்பில் இருந்தபோது புறக்கோட்டையில் வாங்கினேன். அதே கடையில் ஸ்பெயினில் செய்த ஒன்றும் ஜப்பானில் செய்த ஒன்றும் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கின. அவற்றைத் தொட்டுப் பார்க்கவே கடைக்காரர் விடவில்லை. என் செருப்பைப் பார்த்தே ஆளை அளந்துவிட்டார். சீனக் கிட்டார்கள் வாசலில், பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பக்கத்தில், பொலித்தீன் உறையோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

முகப்பு வெறும் ஒட்டுப்பலகை. கம்பிகள் கழுத்திலிருந்து எழும்பி நின்றன. அழுத்திப் பிடித்தால் விரல் நுனியை வெட்டியது. முறுக்காணிகளைத் திருப்பினால் கிறீச்சிட்டுக் கத்தின. ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் அது போட்ட சத்தம் இருக்கிறதே, அதற்கு வெட்கம் மானம் ஒன்றும் கிடையாது. விடுதியில் பக்கத்து அறைக்காரன் சுவரில் குத்துவான். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அதை விரும்பினேன். நான் இயல்பில் சத்தமாகக் கதைக்கிற ஆள் இல்லை. எனக்காக அது கதைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விடுதியில் இருந்த சிங்கள நண்பன் ஒருவன் கம்பியில் விரல் வைக்கிற நாலு பிடிகளைக் காட்டித் தந்தான். நாலு பிடி தெரிந்தால் வானொலியில் போகிற பாட்டுகளில் பாதியை ஒப்பேற்றிவிடலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஊருக்கு அதை உரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அதைவிட முட்டாள்தனம் வேறு இருக்க முடியாது. நீளமான சாமான் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சோதனைச் சாவடியில் இறங்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். சாக்கை அவிழ்த்ததும் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். துவக்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டுக் கிட்டாரை வாங்கி, முறுக்காணிகளைச் சரிசெய்து, ஒரு மெட்டு வாசித்தான். என்னைவிட எவ்வளவோ நன்றாக வாசித்தான். எனக்குப் பயத்தோடு பொறாமையும் வந்தது. பஸ் பிந்தியதற்குக் கல்முனை வரும்வரை ஆட்கள் என்னைத்தான் ஏசினார்கள்.

இனி மாமியை, அதாவது மனைவியின் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் மௌத்தான பிறகு தனியாக நின்று மூன்று தறிகளை நடத்தியவர். வீட்டுக்குப் பின்னால் தறிக்கொட்டில். அங்கே சாரனும் சேலையும் நெய்தார்கள். நூல் வாங்குவதிலிருந்து யாவாரிகளோடு வாயாடுவது வரைக்கும் எல்லாம் அவர்தான். ஆனால் மருமகனோடு மட்டும் நேரே கதைக்க மாட்டார். பழைய ஆட்களின் வழக்கம் அது. நான் விறாந்தையில் இருக்கும்போதே, எனக்குக் கேட்கும்படியாக, மகளிடம் சொல்வார். நானும் பதிலை மனைவியிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்க, இரண்டு பேர் கதையை ஒருத்தி இருதரம் சொல்லிக் களைத்துப் போவாள்.

கிட்டாரைக் கண்ட முதல் நாளே தீர்ப்பு வந்துவிட்டது.

"புள்ள, ஒங்கட அவருக்கிட்டச் சொல்லு. அந்தச் சாமான்ட சத்தம் ரோட்டுக்குக் கேக்கப்படா. பள்ளிவாசல் கிட்ட இரிக்கி. சனம் என்ன கதைக்கும்?"

வெளியே எறி என்று சொல்லவில்லை. வாசிக்காதே என்றும் சொல்லவில்லை. அதற்காக நான் நன்றியோடு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அந்த வீட்டு ஹாலில், கதவைத் திறந்து போட்டுவிட்டு, ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அது நடக்காத வரைக்கும் நான் அந்த வீட்டில் தங்கியிருக்கிற விருந்தாளிதான் என்று எனக்குப் பட்டது. பிடித்த விசயத்தை ஒளித்துச் செய்கிற இடத்தை எவன்தான் சொந்த வீடு என்று சொல்வான்?

வழியைக் கண்டுபிடித்தவள் மனைவி. "தறி ஓடக்குள்ள வாசிங்களன். ஆருக்குக் கேக்கப் போகுது?" என்றாள். பாடசாலை விட்டு நான் வீட்டுக்கு வந்து சோறு தின்று முடிக்க, தறிகள் பின்னேர ஓட்டத்துக்குத் தொடங்கும். மூன்று தறியும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பதே கேட்காது. அந்தத் தடதடப்புக்குள் நான் அறைக்கதவைச் சாத்திவிட்டு வாசிப்பேன். அஸர் தொழுகைப் பாங்குக்குத் தறி நின்றால் என் கையும் நிற்கும். இதில் ஒரு சிக்கல், எனக்கும் ஒன்றும் கேட்காது. கிட்டாரின் முதுகு நெஞ்சில் அதிர்வதை வைத்துத்தான் சரியாக வாசிக்கிறேனா என்று தெரிந்துகொள்வேன். என் வேகமும் தறியின் வேகமாகிவிட்டது. சோகப் பாட்டைக்கூடச் சாரன் நெய்கிற வேகத்தில்தான் வாசித்தேன்.

ஒருநாள் கொட்டிலுக்குள் சாரைப்பாம்பு ஒன்று புகுந்துவிட்டது. மூன்று தறியும் ஒரே நேரத்தில் நின்றன. நானோ கண்ணை மூடிக்கொண்டு, உச்சத்தில், முழுப் பலத்தோடு தட்டிக்கொண்டிருந்தேன். வளவு முழுக்க என் கிட்டார்தான். கண்ணைத் திறந்து கையை எடுத்தேன். பிறகு நெய்கிற பெண்களில் ஒருத்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நானும் பாக்கன், பாம்பு என்னத்துக்கு வந்த எண்டு. மாப்பிள மகுடி ஊதினா வராம எங்க போகும்?"

கொட்டிலே சிரித்தது. நான் மஃரிப் தொழுகை வரைக்கும் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாமி அப்போது நூல் வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தார், வந்ததும் பெண்கள் கதையைச் சொல்லியிருப்பார்கள். மறுநாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தால், என் அறை யன்னலுக்கு இரட்டை மடிப்பில் தடித்த கைத்தறித் துணியை மாமி தொங்கவிட்டிருந்தார். வீட்டுத் தறியில் நெய்ததுதான், நல்ல நிறமும்கூட. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏசினால் திருப்பி ஏதாவது சொல்லலாம், திரைச்சீலையோடு என்ன சண்டை பிடிப்பது?

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்தன. வாசித்து முடித்தால் விரல் கறுத்திருக்கும். மெல்லிய கம்பி அறுந்தால் கல்முனைக் கடைகளில் மாற்றுக் கம்பி கிடைக்காது, கொழும்புக்குப் போகிற யாரையாவது கெஞ்ச வேண்டும். ஒருமுறை சாய்ந்தமருதில் தூண்டிலுக்கு விற்கிற தங்கூசி நரம்பை வாங்கிக் கட்டிப் பார்த்தேன். சூரை மீனைத் தாங்குகிற தங்கூசி, ஒரு சுரத்தைத் தாங்கவில்லை.

நோன்பு மாதத்தில் நானாகவே கிட்டாரைத் தொட மாட்டேன். கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவேன். அந்த வருடம் பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, கல்முனையில் உம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க உதவிக்குப் போனேன். எங்கள் ஊர்களில் பெருநாள் வருகிறதென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, தளபாடங்களுக்கு வாணிஸ். கதிரை, மேசை, அலுமாரி, கட்டில், கதவு நிலை, மரம் என்று கண்ணில் பட்டதெல்லாம் மினுங்க வேண்டும். மினுங்காத வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அது வீட்டுக்காரருக்கு இழிவு. மாமி வீட்டிலும் அன்று வாணிஸ் அடிக்கிறவர் வந்திருந்தார்.

நான் திரும்பி வந்தபோது நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வாசலிலேயே வாணிஸ் மணம் தலையைச் சுற்றியது. ஹாலுக்குள் வந்தேன். சோக்கேசுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து, என் கிட்டார் நின்றது.

அதற்கும் வாணிஸ் அடித்திருந்தார்கள். முகப்பு, முதுகு, கழுத்து, முறுக்காணி, கம்பி எல்லாவற்றுக்கும். உள்ளே ஒட்டியிருந்த சீனச் சிட்டைக்கும் ஒரு பூச்சுப் போயிருந்தது. ஆறு கம்பிகளும் கழுத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. நகத்தால் ஒன்றைக் கிளப்பினேன். டக் என்றது.

நோன்போடு கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன். "எந்த மடையன் செஞ்ச வேல இது?" என்று கத்தினேன். குசினியிலிருந்து மனைவி ஓடிவந்து என் வாயைப் பொத்தாத குறை.

"மெதுவாக் கதைங்க, உம்மாக்குக் கேட்டிரும். கட்டில வெளிய எடுக்கக்குள்ள இதும் வந்திச்சி. உம்மா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நிண்டா. மறுகா, இதும் எங்கட வீட்டுச் சாமான்தானே, இதுக்கும் அடிங்க எண்டு சொன்னா. கம்பிக்குமா எண்டு அந்த ஆள் கேட்டாரு. அரகொறையா விடாம அடிங்க எண்டா."

"ஹாலுக்குள்ள ஆரு கொண்டு வந்து வெச்ச?"

"உம்மாதான். பெருநாளைக்கு வாற ஆக்களுக்குத் தெரியட்டும் எண்டா."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பதா, தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பதா என்றும் தெரியவில்லை. பாங்கு சொல்லிவிட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக அது ஒருநாளும் மினுங்கியதில்லை.

அடுத்த நாள் தின்னரில் துணியை நனைத்துக் கம்பிகளைத் துடைத்தேன். பிளேடால் கழுத்தைச் சுரண்டினேன். முறுக்காணிகளை ஒருவழியாக அசைத்து எடுத்தேன். உடம்பில் மட்டும் கை வைக்கவில்லை. அதைச் சுரண்டினால் மாமி காண்பார். கம்பிகளை முறுக்கிச் சுரம் சேர்த்து, நோன்பு என்றும் பாராமல் ஒரு தட்டுத் தட்டினேன். பெரிய தொண்டைக்காரன் ஒருவன் போர்வைக்குள்ளிருந்து கதைப்பதைப் போல இருந்தது. தடித்த பூச்சு ஒட்டுப்பலகையை இறுக்கிப் பிடித்துவிட்டது. புதுக் கம்பி போட்டால் கொஞ்சம் தெளியும் என்று தெரியும். அந்தப் பழைய சத்தம் வராது என்றும் தெரியும்.

பெருநாள் அன்று வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு கிழவி யாருடையது என்று கேட்டார். உள்ளிருந்து மாமியின் பதில் வந்தது. "எங்கட மருமகன்ட. கொழும்பில படிக்கக்குள்ள வாங்கின." குரலில் ஒரு கூச்சமும் இல்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. தெருக்கதவு திறந்தேதான் கிடந்தது. மாமி வந்து ஹால் கதிரையில் அமர்ந்தார். நான் இருக்கும்போது அவர் ஹாலில் உட்கார்ந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"புள்ள, அத எடுத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லு. பாப்பம்."

எடுத்தேன். ஒரு பழைய மெட்டை, தறியின் வேகத்தில் இல்லாமல், அதற்குரிய வேகத்தில், முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். ஒரு பிழையும் விடவில்லை. அதில் பாதி விறாந்தையைக்கூட எட்டியிருக்காது.

மாமி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகளைப் பிடித்து ஏசினார்.

"இவ்வளவு அமசடக்கமான சாமானா புள்ள இது? நான் என்னமோ ஏதோ எண்டு நெனச்சன். இந்தச் சத்தத்துக்கா இவரு இவ்வளவு நாளும் கதவப் பூட்டிக்கிட்டுக் கிடந்தாரு? நீயாவது ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே!"

மனைவி என்னைப் பார்த்தாள். இது இப்படிக் கதைக்கிற சாமான் இல்லை, இதன் சத்தத்தை அந்த வாணிஸ்தான் கொன்றுவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாமி சிரித்துக்கொண்டிருந்தார். சந்தோசமும் துக்கமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"ஓம் எண்டு சொல்லு," என்றேன் மனைவியிடம். "மெதுவான சாமான்தான்."

"அப்ப இன்னொண்டு வாசிக்கச் சொல்லு," என்றார் மாமி.

வாசித்தேன்.