மலைமடத்து மாத்தையா

என் மனுசன் இரத்தினசிங்கம் சீனன்குடாவில் ஒரு ஸ்டோரில் கிளாக்கர். ஓடு மாற்றப் போய்க் கூரையிலிருந்து ஒருமுறை விழுந்தவர். கால் சுகமாகிவிட்டது, பயம் சுகமாகவில்லை. வீட்டில் பல்ப் மாற்றக்கூடக் கதிரையில் ஏறமாட்டார், நான்தான் ஏறவேண்டும். அப்படிப்பட்டவர் வருசா வருசம் கூட வேலை செய்கிற கந்தோர்க்காரரோடு போய்ச் சிவனொளிபாதமலை உச்சிவரை ஏறி வருகிறார் என்று திருகோணமலையெல்லாம் கதை. உச்சியில் ஒரு மணி தொங்குமாம். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ, அத்தனை தரம் அடிக்கவேண்டுமாம். அறுபத்தேழாம் வருசம் ஐந்து தரம் அடித்தாராம். சோற்றுக் கோப்பையில் கரண்டியால் தட்டி எனக்கு அந்தச் சத்தத்தையும் காட்டினார்.

எனக்கு விசர் வந்துவிட்டது. கதிரையில் ஏறாத மனுசன் மலையில் ஏறுகிறாராம்! அறுபத்தெட்டாம் வருசம் மாசி மாதம் நானும் வருகிறேன் என்று உடுப்பை அடுக்கினேன். குளிர் என்றார், அட்டை கடிக்கும் என்றார், பொம்பிளைகளுக்கு ஏலாது என்றார். கிழவிகளே ஏறுகிறார்கள், எனக்கென்ன என்று கேட்டேன். கடைசியில் எனக்கும் சேர்த்து டிக்கட் எடுத்தார்.

ரயிலிலும் பஸ்ஸிலும் இடிபட்டு மலையடிக்குப் போய், பொழுதுபடுகிற நேரம் பாதி வழியிலிருந்த மடத்துக்கு ஏறிவிட்டோம். தகரக் கூரை, ஒரு பக்கம் தேத்தண்ணி அடுப்பு, மறு பக்கம் பாய்கள். அங்கே படுத்து, விடியமுதல் எழும்பி உச்சிக்குப் போவதுதான் ஏற்பாடு. தேத்தண்ணி ஊற்றிய சிங்கள அம்மா இவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டாள்.

"மாத்தையா, இந்த முறையும் அடுப்புப் பக்கந்தானே பாய்? மத்த ஆக்கள் மேல போய் வாறவரைக்கும் நீங்கதானே சாமான் பாக்கிறது?"

கூட வந்த கந்தோர்க்காரர் குணரத்தினம் கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை வருசமும் மற்றவர்கள் ஏறி இறங்கும்வரை இவர் அடுப்போரம் குந்தியிருந்து பைகளுக்குக் காவல்! எனக்கு நெஞ்சு எரிந்தது. பயந்ததற்காக அல்ல, என்னிடமே மறைத்ததற்காக.

"பொய் சொன்னது போகட்டும். நாளைக்கு ஏறுவீங்களோ மாட்டீங்களோ, அதைச் சொல்லுங்கோ. நான் தனியப் போய் அந்த மணியை அடிக்கமாட்டன்."

கிளாசைக் கீழே வைத்தார். பிறகு, "ஏறுவன்," என்றார்.

இருட்டோடு புறப்பட்டோம். நான் முன்னால் நடந்தேன், இவர் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால். கீழே பார்க்கவேண்டாம் என்று சொல்லி வைத்தேன். பெண்சாதியின் சீலையைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று பின்னால் வந்த பெடியள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இவர் விடவில்லை. கம்பி பிடித்து ஏறுகிற செங்குத்தான இடத்தில் படியில் அப்படியே குந்திவிட்டார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் போனாலும் குறையில்லை அண்ணை என்று குணரத்தினமும் சொன்னார். இவர் முகத்தைத் துடைத்தார்.

"நட, புஸ்பம்."

மிச்சப் படிகளில் கையையும் ஊன்றித்தான் ஏறினார். நானும் படிக்குப் படி நின்று நின்று ஏறினேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உச்சியில் வெளிச்சம் வந்துவிட்டது. மணியடியில் எங்கள் ஊர்ச் சனமும் சிலபேர் நின்றார்கள். இவருடைய கதையை வாய் பிளந்து கேட்ட ஆட்கள்தான். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குணரத்தினம் சத்தமாகச் சொன்னார், "அண்ணைக்கு இது ஆறாவது தரம். ஆறு அடியுங்கோ."

இவர் கயிற்றைப் பிடித்து ஒருக்கா அடித்தார். சனம் எண்ணுவதற்குக் காத்து நின்றது. இவர் கயிற்றை விட்டுவிட்டார்.

"அவ்வளவுதான். நான் இண்டைக்குத்தான் வந்தனான்," என்றார், எல்லாருக்கும் கேட்க.

பிறகு கயிற்றை எடுத்து என் கையில் தந்தார். நானும் ஒன்றுதான் அடித்தேன்.