பச்சைக் கோட்டைத் தாண்டிய ஊசி

பிற்பகல் மூன்று மணி இருபத்தேழு. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. கட்டம் போட்ட பள்ளிக் கொப்பியில் என் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 15.27, ஒயில் 112. அதற்கு மேல் வரியில் 15.22, ஒயில் 98. அதற்கும் மேலே 15.17, ஒயில் 86. மூன்று இருபத்தேழுக்குக் கீழே எதுவும் இல்லை. பென்சில் கூர் முறிந்த இடத்தில் தாளில் ஒரு சிறு பள்ளம் மட்டும் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. நிலத்திலிருந்து அறுநூறு மீற்றர் உயரத்தில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு விமானத்தில், மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கடையில் வாங்கிய விமானமல்ல அது. மாமாவும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு வாடகைக் கொட்டிலில் ஆறு வருடமாகக் கட்டியது. அதன் எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து வந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு கராஜில் வேலை செய்தார். மற்றவர் ஜேர்மன்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை நிலத்துக்குக் கீழே கழித்ததாலோ என்னவோ, அவருக்கு ஆகாயத்தில் ஆசை வந்துவிட்டது. ஆனால் அவருடைய இதயத்தைச் சோதித்த வைத்தியர், பறக்க அனுமதி தர மறுத்துவிட்டார். ஆகவே அவர் கட்டுவார், மாமா ஓட்டுவார் என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'மாமாட கூட்டாளி'.

விமானத்தின் கருவிப் பலகையில் இருந்த மீற்றர்கள் எல்லாம் கூட்டாளியின் கைவேலை. எஞ்சினின் சுழற்சிக்கு ஒன்று, ஒயிலின் சூட்டுக்கு ஒன்று, ஒயிலின் அழுத்தத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் கீறியிருந்தார். ஒவ்வொரு பறப்பிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நிற்கும் இடத்தை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

"உன்ர அம்மாவுக்குத் தலையிடி வந்தா ஊர் முழுக்கக் கேக்கும். இந்த மிசின் வாய் திறக்காது. ஊசியைப் பாத்தாத்தான் வருத்தம் தெரியும்" என்றார் மாமா. "கவனமாப் பாத்து எழுதுங்கோ, துணை விமானி அம்மா." நான் வெட்கத்தோடு சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தணித்து, "உன்னை ஏத்தினனான் எண்டு அம்மாட்டச் சொல்லிப்போடாத" என்றார்.

அன்று எனக்குக் கிடைத்த இரண்டாவது 'சொல்லாதே' அது. முதலாவதைக் காலையில் அம்மா தந்திருந்தார்.

எங்கள் சொந்தக்காரர்களில் யார் கார் வாங்கினாலும், அது எத்தனை கை மாறிய காராக இருந்தாலும், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து நசித்துவிட்டுத்தான் வீதியில் ஓடும். விமானம் பறப்பதற்கான அனுமதிக் கடதாசிகள் வந்த அன்றே அம்மா கணக்குப் பார்த்துவிட்டார். "அதுக்கு மூண்டு சில்லுத்தானே. மூண்டு காய் போதும்." மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அங்க ஜேர்மன்காரன் நிக்கிறான். என்ர மானத்தை வாங்காதேங்கோ." அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் விட்டதை மாமா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஊன்ட்றொப் என்ற ஊரில் உள்ள அம்மன் கோயிலுக்குப் போய், அர்ச்சனைத் தட்டில் ஒரு தேசிக்காயோடு திரும்பி வந்தார். ஞாயிறு காலை, மாமாவின் கார் வாசலில் நிற்க, அதை மெல்லிய கடதாசியில் சுற்றி என் ஜக்கெற் பைக்குள் வைத்தார்.

"அவன் ஏற முன்னம் மிசினுக்கு முன்பக்கம் எங்கையாவது வை. ஆருக்கும் தெரியக் கூடாது."

"மாமாட்டச் சொல்லட்டே?"

"சொன்னா எடுத்து எறிஞ்சுபோடுவான். அவன் இப்ப பெரிய விஞ்ஞானியெல்லே."

நான் வெளியே நின்று பார்ப்பேன் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். அந்த விமானத்துக்குள் இருக்கப்போவது தன் பிள்ளை என்று தெரிந்திருந்தால், தேசிக்காய் அல்ல, ஒரு மரத்தையே கொடுத்துவிட்டிருப்பார். அல்லது என்னை வீட்டை விட்டே விட்டிருக்கமாட்டார்.

புல்தரை விமானத்தளத்தில் மாமா விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சோதித்தார். மூக்கில் இருந்த ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் குருவிக் கூடு இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பார்த்தார். கூட்டாளி கொட்டிலுக்குள்ளே பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாமா எனக்குத் தலைக்கவசம் எடுக்கக் காருக்குப் போனபோது நான் மூக்குப் பக்கம் ஓடினேன். காற்றாடிக்குக் கிட்டப் போகவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போனேன். காற்றாடிக்குக் கீழே, தேசிக்காயை விடக் கொஞ்சம் மட்டும் பெரிதான ஒரு வட்டத் துவாரம் இருந்தது. அதற்கென்றே செய்தது போலிருந்தது. கடதாசியைக் கழற்றிவிட்டு உள்ளே தள்ளினேன். அது உருண்டுபோய் எங்கோ இறுக்கமாக நின்றது. சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்ததைப் போன்ற திருப்தியோடு திரும்பி வந்தேன்.

சூடான ஒயிலைக் குளிர வைப்பதற்கு அந்த வழியாகத்தான் காற்றுப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

மூன்று பத்துக்குக் கிளம்பினோம். கால்வாயைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனோம். கோயிலை மேலேயிருந்து காட்டுவதாக மாமா சொல்லியிருந்தார். அப்போது அங்கே கோபுரம் எழும்பியிருக்கவில்லை. "அம்மாளாச்சிக்கு மேலால பறக்கிறது மரியாதையோ தெரியேல்லை. கொஞ்சம் பக்கத்தால போவம்" என்று சிரித்தார். பாட்டொன்றை முணுமுணுத்தார். நான் ஊசியைப் பார்த்து எழுதினேன். எண்பத்தாறு. தொண்ணூற்றெட்டு. எண்கள் ஏறுவது எனக்கு நல்லதாகப் பட்டது. பள்ளியில் புள்ளிகள் ஏறினால் நல்லதுதானே.

"நூற்றிப் பன்னிரண்டு" என்றேன்.

மாமாவின் முணுமுணுப்பு நின்றது. குனிந்து மீற்றரின் கண்ணாடியில் விரலால் தட்டினார். ஊசி அசையவில்லை. அது பச்சைக் கோட்டைத் தாண்டி மஞ்சளில் நின்றது. பக்கத்து மீற்றரில், ஒயில் அழுத்தத்தின் ஊசி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்று ஏற மற்றது இறங்கியது. மாமா எஞ்சினின் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தாழ்த்தினார். நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்தொன்று. சூடான ஒயிலின் மணம் காலடியிலிருந்து எழும்பி வந்தது. கராஜிலிருந்து திரும்பும் மாமாவின் உடுப்பில் வருகிற மணம்தான். ஆனால் அது கருகியிருந்தது.

"மாமா, என்ன?"

அவர் வானொலிக் குமிழைத் திருகினார். எதற்கும் பகிடியோடு பதில் சொல்கிற மனிதர். அவருடைய மேலுதட்டில் வியர்வை துளிகளாக நின்றதைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு விளங்கியது. வானொலியில் ஜேர்மன் மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மூக்குக் கண்ணாடியைக் கழட்டு. ஜக்கெற்றைச் சுருட்டி முகத்துக்கு முன்னால பிடி. நான் சொல்லுமட்டும் எடுக்காத."

இன்றைக்கும் யாராவது என்னிடம் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால், கண் வைத்தியராக இருந்தாலும், என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. என் மகளுக்குப் போன மாதம் பதினான்கு வயதாகியது. எஞ்சின் இல்லாத சறுக்கு விமானம் ஓட்டப் பழகுவதற்குப் பெற்றோரின் சம்மதப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். மூன்று வாரமாக அது அங்கேயே இருக்கிறது. "எஞ்சினே இல்லையாம், பிறகு என்னத்தில பழுது வாறது?" என்கிறார் என் கணவர். அவருக்கு இந்தக் கதை தெரியாது. யாருக்கும் தெரியாது. சொல்லாதே என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஜக்கெற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் தேசிக்காயை நினைத்தேன். அது முன்னால் இருக்கிறது, அம்மன் பாதத்தில் வைத்த காய், விழவிட மாட்டாது. விடாதே, விடாதே என்று அதையே கும்பிட்டேன். மாமாவிடம் சொன்னால் அதன் சக்தி போய்விடுமோ என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் தணிந்தது. சத்தத்தைவிட அது தணிந்ததுதான் பயங்கரமாக இருந்தது. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அடியிலிருந்து ஒரு குத்து, இன்னொரு குத்து, பல் நாக்கில் பட்டு இரத்தம் உப்புக்கரித்தது. எல்லாம் நின்றது.

அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் நின்றோம். மாமா என்னைத் தூக்கி இறக்கி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு வயலில் குந்தி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து மூக்கு மூடியைத் திறந்தார். ரோர்ச் அடித்தார். நீண்ட குறடு ஒன்றை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். பழுப்பு நிறத்தில் அவிந்து சுருங்கிய தேசிக்காய் வெளியே வந்தது. வயல்வெளியில் திடீரென்று எங்கள் வீட்டுக் குசினியின் சமையல் மணம் எழுந்தது.

மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் வைச்சது?"

எனக்கு அழுகைதான் வந்தது. "நான்... அம்மாதான் தந்தவ. உங்களைக் காப்பாத்த எண்டு..."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குறட்டிலிருந்த காயை வயலோர வாய்க்காலுக்குள் எட்ட எறிந்தார். முழங்காலில் நின்று என் கண்ணாடியை எனக்குப் போட்டுவிட்டார்.

"சரி, சரி. அழாத. அம்மாட்டச் சொல்லாத."

"எதை?"

"ஒண்டையும் சொல்லாத. தேசிக்காயால இப்பிடியாச்சு எண்டு தெரிஞ்சா அவ சாகுமட்டும் தாங்கமாட்டா."

வயலுக்குச் சொந்தக்காரியின் வீட்டுத் தொலைபேசியில் மாமா கூட்டாளிக்குச் சொன்னார்: இறங்கிவிட்டோம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இழுவை வண்டியைக் கொண்டு வா. வேறொன்றும் சொல்லவில்லை. நாங்கள் விமானத்தின் சிறகு நிழலில் இருந்து காத்திருந்தோம். வயல்காரி தந்த அப்பிள் சாற்றை மாமா குடிக்கவில்லை. ஜேர்மன் சொற்களை உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போல.

மாமா அன்று என்ன தேர்ந்தெடுத்தார் என்பதை நான் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். விமானக் கழகத்தில் பலர் இந்த அகதிப் பெடியனை நம்பி எஞ்சினைக் கொடுப்பதா என்று முணுமுணுத்தபோது, இவனைவிடச் சுத்தமாக வேலை செய்கிற ஆள் கிடையாது என்று அவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசியவர் கூட்டாளி. அந்த மனிதரிடம், 'என் அக்கா சாமிக்கு வைத்த காய்' என்று மாமா எப்படிச் சொல்வார்? அக்காவைக் கேலிக்கு விடாமல் இருக்கவா, பத்து வயதுப் பிள்ளையின் மேல் பழி விழாமல் இருக்கவா, எதற்காக அவர் கூட்டாளி வந்ததும் பொய் சொன்னார் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. மாமா அதற்குப் பிறகு எந்த விமானத்திலும் விமானி இருக்கையில் இருக்கவில்லை. அவர்கள் கட்டிய விமானமும் கொட்டிலில் தூசி படிந்து நின்று, பிறகு யாருக்கோ போய்விட்டது.

ஆறு மணிக்குச் சற்று முன் கூட்டாளி வந்தார். காரை விட்டு இறங்கியதும் விமானத்தைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, குந்தியிருந்து, எங்காவது நோகிறதா என்று கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகுதான் விமானத்தின் மூக்குக்குப் போனார். துவாரத்துக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"துணி. காலையில் துடைத்த துணியை உள்ளே விட்டுவிட்டேன். என் பிழைதான்" என்று மாமா ஜேர்மன் மொழியில் ஒப்புவித்தார். பிழையில்லாமல் சொன்னார்.

கூட்டாளி விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு, தொலைபேசி வந்ததும் தான் முதலில் செய்த வேலை துடைக்கும் துணிகள் வைக்கும் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்ததுதான் என்றார். காலையில் எடுத்தது ஐந்து, பெட்டிக்குத் திரும்பியிருப்பதும் ஐந்து.

மாமா நிலத்தைப் பார்த்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு துணிகூடத் தொலையவில்லை. கூட்டாளி சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை, எங்கள் வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பை உடைந்தால் நடப்பதில் கால்வாசிகூட நடக்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதரா என்று அவரை அண்ணாந்து பார்த்தேன். அவர் கையை நீட்டினார். மாமா காற்சட்டைப் பையிலிருந்து விமானத்தின் சாவியை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தார். மாமா பாவம், இனியாவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு கிடைக்கும் என்று நான் நினைத்தேன். ஏனென்றால் கூட்டாளி அதை அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அக்கறையாகச் சொன்னார்:

"நீ களைத்துவிட்டாய். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. இனிமேல் இதை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்."