காங்கேயத்துக் கட்டம்

ஆறு வருடமாக ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு அந்த அன்னூர்ப் பெண்ணும் நிரல் எழுத வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் மொத்த வியாபாரி. குடோனில் இருக்கும் சரக்கைப் போனிலேயே பார்க்க அவருக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்திருந்தோம். வேண்டிய சரக்கை மட்டும் பிரித்துக் காட்டும் ஃபில்டர்கள் என் கைவேலை. நூல் நம்பர், நீளம், டிசைன் நம்பர் என்று பதினொன்று வைத்தேன். குடோனில் ஒருவர்கூடத் தொடவில்லை. “பழகிக்கச் சொல்லுங்க” என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டேன்.

அவள் பஸ் ஏறிப் போய் ஒரு நாள் முழுக்கக் குடோனில் இருந்துவிட்டு வந்தாள். அங்கே யாரும் டிசைனை நம்பர் சொல்லிக் கேட்பதில்லையாம். முதலில் ஆர்டர் கொடுத்தவரின் ஊர்தான் அதற்குப் பேராம்: காங்கேயத்துக் கட்டம், தாராபுரத்துக் கோடு. அதனால் அவரவர் வேண்டியபடி ஃபில்டரை அமைத்து, தங்கள் வாயில் வரும் பேரிலேயே சேமித்துக்கொள்ளும்படி எழுதிவிட்டாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த வேலைக்கு யார் தலைமை என்பதை, அவள் எழுதியதைச் சென்னிமலையில் காட்டிவிட்டு வந்தபின் சொல்வதாக எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். அதற்கு முன் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வரி வரியாகக் குற்றம் தேடினேன். கிடைத்தது. ஒருவர் சேமித்தது அவருக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அதற்கான ஒரு வரியை விட்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். வியாபாரி முன்னால் மாட்டிக்கொள்ளட்டும் என்று ‘சரி’ போட்டு அனுப்பினேன்.

முதலாளியோடு நாங்கள் இருவரும் சென்னிமலைக்குப் போய்க் காட்டியபோது, குடோனில் வேலை பார்க்கும் பெண் ‘காங்கேயத்துக் கட்டம்’ என்று தன் போனில் சேமித்தாள். உடனே அது வியாபாரியின் போனிலும் வந்து நின்றது. அன்னூர்க்காரியின் முகம் வெளுத்தது. நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

“அட, ஒருத்தரு வெச்சா எல்லாத்துக்கும் தெரியுதுங்களா?” என்றார் வியாபாரி. “இதுதானுங்க எங்களுக்கு வேணும். ஆளாளுக்கு மறுக்கா எதுக்கு வெச்சுக்கிட்டு?”

“எனக்கே தெரியாதுங்க,” என்றாள் அவள். “நான் ஒரு வரிய உட்டுப்போட்டேனுங்க. அக்காதான் பாத்துட்டு, உங்களுக்கு இதுதான் தோதுன்னு வேணும்னே அப்படியே உட்டிருக்காங்க.”

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பும்போது காரிலேயே, தலைமை எனக்குத்தான் என்றார்.

“நல்லா செஞ்சுபோடலாமுங்க அக்கா,” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தான் விட்ட தப்பை எல்லார் முன்னாலும் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் செய்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. தலைமை கிடைத்த பிறகும், அவளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.