நாலாவது ஆள்

சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் தபீதாளுக்கு வேலை. தோத்தாபுரி மாம்பழ சீசனில் பொழுதன்னைக்கும் கூழை ருசி பார்த்து, இதில் புளிப்பு தூக்கல், இது டின்னில் அடைக்கலாம் என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லிவிட்டால் மேனேஜர்கூட மறுபேச்சு பேசமாட்டார். சீசன் ஓய்ந்த மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும், இதே வேலையை அவள் போர்டு கேம்களுக்குச் செய்தாள்.

தாயம், கேரம் மாதிரி அல்ல அவை. பெட்டியைத் திறந்தால் கட்டுக் கட்டாக அட்டைகள், மரக்காய்கள், ஒரு விதிப்புத்தகம், எழுத்தெல்லாம் இங்கிலீஷில். ஒன்றில் துறைமுகம் கட்ட வேண்டும், இன்னொன்றில் ரயில் பாதை போட வேண்டும். பெங்களூரில் இருந்த தங்கை ஈவ்லின் பழக்கிவிட்டது. ஈவ்லின் கல்யாணமாகித் தூரமாய்ப் போன பிறகும் அக்காவுக்கு அந்தப் பித்து விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் பல தடவை ஆடிப் பார்த்துவிட்டு, போனை எதிரில் வைத்து, வாங்கிய காசுக்குத் தகுமா, தோற்கிறவனுக்கும் கடைசிவரை செய்ய ஏதாவது இருக்கிறதா என்று தமிழில் பேசி யூடியூபில் போடுவாள். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவள் சொன்னால் வாங்கினார்கள், வேண்டாம் என்றால் விட்டார்கள்.

அவளோடு ஆடியவர்கள் மூன்று பேர். ரகு, ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிறானால் சித்தூர் வீட்டுக்கு வந்துவிடுவான். செங்கமலம், கரண்ட் ஆபீசில் வேலை. மூன்றாவது ஆள் எதிர் வீட்டு கங்கையா. வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி தவறிவிட்டார். ஈவ்லின் போன புதிதில் ஒருநாள் தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பேச வந்தவரை, "அண்ணா, ஒரு ஆள் கொறையுது, சும்மா ஒக்காருங்க" என்று தபீதாள்தான் உட்காரவைத்தாள். அதன்பின் அவர் ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். கணக்குப் போடுவதில் எல்லாரையும்விட வேகம். தன் முறை வந்தால் அவசரப்படாமல், "மொதல்ல நீங்க ஆடுங்க, நான் பாத்துக்கினு ஆடறேன்" என்பார். சில நாள் ஜெயிக்கவும் செய்வார். யாரும் எதிர்பார்க்காத அட்டையைக் கீழே வைப்பார். "அண்ணா ஆட்டமே தனி" என்று ரகு சொல்வான்.

திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்த யஸ்வந்த் என்ற இளைஞன், தான் உருவாக்கிய ஆட்டம் ஒன்றை அச்சுக்கு அனுப்புமுன் தபீதாளிடம் கொடுத்தான். சேஷாசலம் காட்டில் வழி தவறிய நாலு பேர் இருட்டுவதற்குள் வெளியே வர வேண்டும். ஆனால் நாலு பேரில் ஒருவன் செம்மரக் கடத்தல் கும்பலின் ஆள், மற்றவர்கள் வழியைக் கெடுப்பது அவன் வேலை. அது யார் என்பது அவனவன் கையிலிருக்கும் ரகசிய அட்டையில்தான் இருக்கும். நாலு அட்டையிலும் படம் ஒன்றே, இங்கிலீஷ் எழுத்து மட்டும் வேறு.

ஆடினார்கள். வழி தானாகத் திறந்துகொண்டே போனது. யாரும் யாரையும் கெடுக்கவில்லை. சுலபமாக வெளியே வந்து அட்டைகளைத் திருப்பியபோது, கடத்தல் ஆள் கங்கையா!

"இன்னாண்ணா, ஒண்ணுமே பண்ணல நீங்க?" என்று செங்கமலம் சிரித்தாள்.

"பாவம்னு உட்டுட்டேன்ம்மா" என்று அவரும் சிரித்தார்.

தபீதாளும் சிரித்தாள். யஸ்வந்துக்கு, கடத்தல்காரனுக்கு ஆட்டத்தில் வலுவே இல்லை, பழகிய ஆள் ஆடியும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடலாம் என்று போனில் பேசி அனுப்பினாள். அவன் நன்றி சொன்னான்.

சில வாரம் கழித்து ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவளைக் கங்கையா வாசலில் நிறுத்தி போனை நீட்டினார்.

"கேஸ் சிலிண்டர்காரன் இன்னாமோ மெசேஜ் அனுப்பிக்கிறான். கண்ணாடி இல்லம்மா, இன்னான்னு பாரு."

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

இங்கிலீஷில் இரண்டு வரி. தபீதாள் படித்துச் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் போகும்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. கங்கையாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பிறர் ஆடுவதைப் பார்த்துத்தான் அவர் ஆடினார். படத்தையும் எண்ணையும் வைத்து ஊகித்து அட்டையை எடுத்தார். கடத்தல்காரன் தான்தான் என்பது அட்டையைத் திருப்பி எல்லாரும் சிரித்தபோதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. அவள் பேசிப் போட்ட எத்தனையோ ஆட்டங்களில் நாலில் ஒருவர் அட்டையைப் படிக்காமலே ஆடியிருக்கிறார். எதை நல்லது என்றோம், எதை மோசம் என்றோம் என்று ஆட்டம் ஆட்டமாக எண்ணிப் பார்த்தாள். அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை போலிருந்தது.

மத்தியானம் யஸ்வந்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தக் கடத்தல் ஆள எடுக்காத. நான் சொன்னது சரியில்ல."

"அய்யோ மேடம், நீங்க சொன்னதாலதான எடுத்தேன். சிவகாசில அச்சே ஏறிடுச்சு. ஏன் மேடம், எது சரியில்ல?"

ஏன் என்று சொன்னால் கங்கையாவைச் சொல்ல வேண்டும். "மனசுக்குப் படுது தம்பி, அவ்ளோதான்" என்று போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு எழுத்தே இல்லாத ஆட்டங்களாகப் பார்த்து மேஜைக்குக் கொண்டுவந்தாள். நிறக் கற்களை அடுக்குவது, கோட்டை வடிவம் சேர்ப்பது. யாருக்கும் தெரியாமல் உதவுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கங்கையா அவற்றை நன்றாகவே ஆடினார். ஆனால் ரகுவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இன்னா வாரா வாரம் எழுத்தே இல்லாத ஆட்டமா எட்த்துக்கினு வர? சின்னப் பசங்க ஆட்டமாட்டம் இருக்குது. அந்தத் துறைமுகத்த எடேன்."

கங்கையா கையிலிருந்த கல்லை வைக்காமல் தபீதாளைப் பார்த்தார். அவள் சட்டென்று குனிந்து பெட்டி மூடியை நகர்த்தினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிய அந்த ஒரு குனிவு போதுமாக இருந்தது. அவர் ஆட்டத்தை முடித்தார், டீ குடித்தார், "வரேன்ம்மா" என்றார். அடுத்த ஞாயிறு எதிர் வீடு பூட்டியிருந்தது. திருப்பதியில் மகள் பரணி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

போன் செய்தால் எடுத்து நலம் விசாரித்தார். ஆட்டப் பேச்சு வந்தால் மட்டும் பேரப்பிள்ளை அழுவதாகச் சொல்லி வைத்துவிடுவார். பொறுக்கமாட்டாமல் ஒரு லீவு நாளில் தபீதாள் திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

கொர்லகுண்டாவில் மூன்றாவது மாடி வீடு. பரணி வேலைக்குப் போயிருந்தாள். கங்கையா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவரே ஆரம்பித்தார்.

"நான் எட்டாங்கிளாசும்மா. அதுவும் தெலுகு மீடியம். ஊர்ப் பேரு, நம்பரு, இதெல்லாம் இங்கிலீஷ்ல பாத்தா தெரியும். அத வெச்சிக்கினு சர்வீசு பூரா ஓட்டிட்டேன், ஒர்த்தனும் கேக்கல. ஒன் வூட்டு மேஜைலதான் பயந்துக்கினே இருந்தேன்."

"மொதல்லயே சொல்லிருக்கலாம் இல்லண்ணா? நான் படிச்சி சொல்லிருப்பேன்."

"ரகசிய அட்டைய நீ படிச்சி சொன்னா அப்புறம் இன்னா ரகசியம்?"

அட்டைகளில் தெலுங்கில் எழுதி ஒட்டிவிடலாம் என்று சொல்லத்தான் தபீதாள் வந்திருந்தாள். பையில் எழுதியெடுத்து வந்த காகிதங்களும் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் எடுக்கவில்லை.

"எனக்கோசரம் நீ தேடித் தேடி எடுக்கற ஆட்டத்த நான் ஒக்காந்து ஆட முடியாதும்மா. ரகுவுக்கோ செங்கமலத்துக்கோ சொல்லாத. அந்தத் திருப்பதிப் பையனுக்கும் சொல்லாத."

"சொல்லமாட்டேன்ணா."

சொல்லவில்லை. மழைக்காலத்தில் யஸ்வந்தின் பெட்டி வந்தது. கடத்தல்காரன் இல்லை. நன்றி என்று போட்டு முதலில் தபீதாளின் பெயரை அச்சடித்திருந்தான். ரகுவின் மனைவி நந்திதாவை நாலாவதாக வைத்து ஆடினார்கள். நாலு நல்லவர்கள் நேராக நடந்து காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். "இன்னாமோ சப்புன்னுகீது" என்றான் ரகு. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆட்டம் விற்கவில்லை. ஒரு மதிப்புரை போடுங்களேன் மேடம் என்று யஸ்வந்த் கேட்டுக்கொண்டே இருந்தான். போனை எதிரில் வைத்துப் பலமுறை பேசத் தொடங்கினாள். நன்றாயிருக்கிறது என்றால் பொய். இல்லையென்றால், கெடுத்தது அவள்தான். ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டாள். பிறகு வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு, பென்ஷன் பேப்பர் எடுக்க வந்த கங்கையா எதிர் வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு இங்கேயும் எட்டிப்பார்த்தார். மேஜையில் துறைமுக ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரகு சத்தம் போட்டு வரவேற்றான். நந்திதா எழுந்து இடம் கொடுத்தாள்.

"ஒக்காரும்மா, பஸ்ஸுக்கு டைம் ஆச்சி. நீங்க ஆடுங்க."

சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தபீதாள் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டே எட்ட இருந்து பார்த்தார். அவள் முறை வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்று தெரியாமல் இருந்தாள். "ஆடுக்கா" என்றாள் செங்கமலம். ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.